ஆளுக்கு 535 ரூபாயில் ஜப்பானியச் சாப்பாடு எப்படிச் சாத்தியம்?

பொரித்த தோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, வந்தது. நான்கு சதுரத் துண்டுகள், அடியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் சாறு, மேலே மரச்சீவல் போல மெல்லிய ஏதோ ஒன்று. ஆவி பட்டதும் அந்தச் சீவல் நெளிந்தது, சுருண்டது, மறுபடியும் விரிந்தது. உயிருள்ள பூச்சி அசைவது போல் இருந்ததால் எதிரே இருந்த தோழி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள். கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த நண்பன் மட்டும் ஒரு சீவலை விரலால் எடுத்து நாக்கில் வைத்தான். கண்ணை மூடி மென்றான். "இது மாசிக்கருவாடு. எங்கள் அம்மா உரலில் போட்டு இடிப்பார்களே, அதே மாசி" என்றான்.

அவன் அம்மா பிறந்த ஊர் தூத்துக்குடி. அந்த வீட்டில் மாசிப்பொடி இல்லாத நாளே கிடையாது. அவன் சொன்னது ஏறக்குறைய முழு உண்மை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாங்கள் நான்கு பேர். புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திண்ணை வைத்த பழைய வீட்டைச் செப்பனிட்டு நடத்தப்படும் சிறிய ஜப்பானிய உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு கிண்ணம் ராமென் (சாற்றில் போட்ட கோதுமை இழை) 640 ரூபாய், கோழி கட்சுக் கறிச்சோறு 340, இறால் டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) 360, காய்கறி டோன்புரி (கிண்ணச் சோறு) 300, வெள்ளரிக்காய் சூஷி (காடி கலந்த சோற்றுச் சுருள்) எட்டுத் துண்டு 220, அந்தத் தோஃபு 180. கூட்டினால் 2,040. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 102. மொத்தம் 2,142 ரூபாய், ஆளுக்கு 535 ரூபாய் 50 காசு. நால்வரும் வயிறு நிறைந்து எழுந்தோம். சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் இந்தப் பணம் ஒரு தட்டு சூஷிக்குக்கூடப் போதாது. அப்படியானால் இந்தச் சந்துக் கடை எதைக் குறைத்து இந்த விலையைக் கொண்டுவந்தது? குறைத்ததில் ஜப்பானியச் சமையல் போய்விட்டதா?

போகவில்லை என்பது என் உறுதியான கருத்து. நமக்கு விலை உயர்ந்ததாகப் பழகிவிட்ட ஜப்பானிய உணவுதான் அந்தச் சமையலின் ஒரு சிறு ஓரம். அதன் நடுப்பகுதி முழுவதும் உழைப்பாளிகளும் மாணவர்களும் அலுவலகம் விட்டு வீடு திரும்புகிறவர்களும் சாப்பிடும் சாப்பாடு. கடை அந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள மாசியிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜப்பானியர் கட்சுவோபுஷி என்பதும் நம் தென்கரையில் மாசி என்பதும் சூரை இனத்தைச் சேர்ந்த ஒரே மீனிலிருந்து வருபவை. மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, முள் எடுத்து, புகை போட்டு, கட்டை மாதிரி இறுகும்வரை உலர்த்துகிறார்கள். மாலத்தீவில் இந்தத் தொழில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, வேகவைத்துப் புகைபோட்ட மீன் அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியானதை எழுதிவைத்திருக்கிறார். இலங்கைக்கும் தூத்துக்குடிக்கும் மாசி வந்து சேர்ந்தது அந்தக் கடல்வழியில்தான். ஜப்பானில் இதற்கு மேல் ஒரு படி போகிறார்கள். உயர்தரக் கட்டையின் மேல் ஒருவகைப் பூஞ்சையை வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் முற்ற வைக்கிறார்கள். ஈரம் மிச்சமில்லாமல் போய், இரண்டு கட்டைகளைத் தட்டினால் மரம் மோதும் ஓசை கேட்கும். பிறகு தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துவைத்தது போன்ற ஒரு பெட்டியில் தேய்த்து, காகிதத்தைவிட மெல்லிய சீவலாக எடுக்கிறார்கள். அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் ஆவி பட்டதும் ஆடுகிறது.

நாம் மாசியை இடித்து அப்படியே சாப்பிடுகிறோம். அவர்கள் பெரும்பாலும் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருவதற்குள் எடுத்துவிட்டு, சீவலைப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் வடிகட்டினால் தாஷி தயார். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், டோன்புரியின் சாறு, தோஃபுவின் அடியில் நின்ற அந்தப் பழுப்புத் திரவம் எல்லாவற்றுக்கும் இதுதான் தாய்ச்சாறு. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா, 1908இல் கொம்புவிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் சீவிய மீனில் இருக்கும் இன்னொரு பொருளைக் கண்டறிந்தார். அதன் பெயர் இனோசினேட். இரண்டும் தனித்தனியே தரும் சுவையைவிடச் சேர்ந்திருக்கும்போது தரும் சுவை பல மடங்கு அதிகம். கடற்பாசியையும் மீனையும் ஒரே நீரில் போட்ட பழைய சமையற்காரர்களுக்கு இந்த வேதியியல் தெரியாது, நாக்குக்குத் தெரிந்திருந்தது.

விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கட்சுவோபுஷியும் கொம்புவும் நமக்கு இறக்குமதிச் சரக்குதான். கிலோ விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு கைப்பிடிச் சீவலும் உள்ளங்கை அகலக் கடற்பாசியும் ஒரு பானை நீரை மாற்றிவிடுகின்றன. வற்றிப்போன சரக்கு, ஆண்டுக்கணக்கில் கெடாது, ஐஸ் வேண்டாம், எடை குறைவு. சோயா சாஸ், மிசோ, சூஷியைச் சுற்றும் நோரிக் கடற்பாசித் தாள் எல்லாமே இந்தக் கணக்கில் வருபவை. தொலைவிலிருந்து வரும் பொருள் தட்டில் சிறிதளவே சேர்கிறது. தட்டை நிறைக்கும் பொருள் பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தையிலிருந்து வருகிறது. முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், கோழி, முட்டை, மைதா, எங்கள் டெம்புராவில் இருந்த இறால் எல்லாம் இங்கே கிடைப்பவை. நார்வேயிலிருந்து குளிர் குறையாமல் விமானத்தில் கொண்டுவரும் சால்மன் துண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தொலைவின் செலவு முழுவதும் தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சால்மன் சூஷி ஜப்பானின் பழைய மரபு என்று பலரும் நம்புகிறார்கள். தங்கள் கடலில் பிடிபடும் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தின்னாமல் வேகவைத்தோ சுட்டோ உப்பிட்டோதான் சாப்பிட்டார்கள். பண்ணையில் வளர்த்த சால்மன் நார்வேயில் தேங்கிக் கிடந்த 1980களில், அந்த நாடு முனைந்து பிரசாரம் செய்து ஜப்பானியச் சூஷி மேசைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக, விலைப்பட்டியலில் சால்மன் இல்லை என்பதற்காக ஒரு கடையைக் குறைத்து எடைபோட வேண்டியதில்லை.

நம் மனத்தில் ஜப்பானியச் சாப்பாடு என்றாலே செலவு என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது? சென்னையைப் பார்த்தால் விளங்கும். ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறந்தது. அந்த வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பெருகின. வேலைக்காக வந்து தங்கிய ஜப்பானியருக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டும். அவர்களுக்காகவும் நிறுவன விருந்துகளுக்காகவும் நடந்த கடைகள் அந்த வாடிக்கையாளரின் பணப்பைக்கு ஏற்ற விலையை வைத்தன. நாம் முதலில் பார்த்தது அந்த விலைப்பட்டியலைத்தான். புதுச்சேரியில் அப்படி ஒரு ஜப்பானியக் குடியிருப்பு கிடையாது. இங்கே வந்து உட்காருகிறவர்கள் கல்லூரி மாணவர்கள், வார இறுதிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சேருகிறவர்கள், அனிமே என்ற ஜப்பானிய அசைபடம் பார்த்து வளர்ந்து ராமென் கிண்ணத்தைத் திரையில் மட்டுமே கண்ட பிள்ளைகள். இவர்களிடம் 2,000 ரூபாய் கேட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

ஜப்பானின் வரலாற்றைப் புரட்டினாலும் மலிவுதான் முன்னே நிற்கிறது. சூஷியின் ஆதி வடிவம் மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்தது. சோறு மீனைக் காக்கும் பொருளாக இருந்ததே தவிர உணவாக இல்லை. தின்னும்போது அதை வழித்து எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிக்கரையில் ஃபுனாசூஷி என்ற பெயரில் இந்த முறை இன்றும் இருக்கிறது. பிறகு காத்திருக்கப் பொறுமையில்லாத எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புளிப்புக்குக் காடியைச் சோற்றிலேயே கலந்து, மேலே மீனை வைத்து, கையால் பிடித்துக் கொடுத்தார்கள். ஹனயா யோஹெய் என்ற கடைக்காரரின் பெயரை இதற்குச் சொல்வது வழக்கம். தெருவோரத் தள்ளுகடையில், நின்றபடியே, இரண்டு பிடி தின்றுவிட்டு வேலைக்கு ஓடும் சாப்பாடு அது. ஒரு பிடி இன்றைய அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. இன்று பொன்னுக்கு நிகராக விற்கும் சூரையின் கொழுப்பு வயிற்றுப்பகுதியை அன்று யாரும் சீண்டவில்லை.

ராமெனும் அப்படித்தான். சீனத்துக் கோதுமை இழை அது. டோக்கியோவின் அசகுசாவில் 1910இல் ரைரைக்கென் என்ற கடை சீனச் சமையற்காரர்களை வைத்து அதைக் குறைந்த விலைக்கு விற்றுக் கூட்டம் சேர்த்தது. போருக்குப் பின் அரிசி தட்டுப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமை மாவு வந்து குவிந்தபோது தெருத்தெருவாகப் பரவியது. பிறகு 1958 வந்தது. அந்த ஒரே ஆண்டில், ஒசாகா வட்டாரத்திலேயே, இரண்டு பேர் ஜப்பானியச் சாப்பாட்டின் விலையைத் தரைக்கு இறக்கினார்கள். மொமொஃபுகு ஆன்டோ உடனடி ராமெனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். யோஷியாகி ஷிராய்ஷி பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்து, அதே போன்ற சுழல் பட்டையில் சூஷித் தட்டுகளை ஓடவிட்டார். பரிமாற ஆள் வேண்டாம், தட்டை எண்ணிக் காசு வாங்கினால் போதும். சூஷி மறுபடியும் சாமானியர் கைக்கு வந்தது.

ராமென் இழையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது மஞ்சளாக இருப்பதும், பல்லில் பட்டால் எதிர்த்து நிற்பதும் முட்டையால் என்று நினைக்கிறோம். கன்சுய் என்ற காரநீர்தான் காரணம். அப்பளத்து மாவில் அப்பளக்காரம் போடுகிறோமே, அதற்கு உறவான பொருள். மாவின் பசைத்தன்மையை இறுக்கி இழைக்கு அந்தத் துள்ளலைக் கொடுக்கிறது. சூடான சாற்றில் கிடக்கக் கிடக்க அது ஊதித் தளர்ந்துவிடும். நண்பர்களோடு போனால் நம் பழக்கம் எல்லாத் தட்டையும் நடுவில் வைத்துப் படம் எடுத்து, பேசி, ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்ப்பது. ராமெனுக்கு மட்டும் இந்த மரியாதை ஆகாது. கிண்ணம் வந்ததும் தலை குனிந்து, உறிஞ்சிச் சத்தம் வந்தாலும் கவலைப்படாமல், பத்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். ஜப்பானில் அந்தச் சத்தம் தப்பில்லை. முதல் கிண்ணத்தை நாங்கள் பேசிப் பேசியே கெடுத்தோம். இரண்டாவது கிண்ணத்தில் யாரும் பேசவில்லை.

தோழிக்கு ராமென் புதிதாகத் தோன்றவில்லை. அவள் பாட்டி வியட்நாமின் சைகோனில் வளர்ந்தவர். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து இந்தோசீனத்துக்குப் படைவீரராகவும் அலுவலராகவும் போன குடும்பங்கள் ஏராளம். திரும்பி வந்தபோது சா யோ என்ற பொரித்த சுருளும் மீன்சாறும் சூப்பில் இழை போட்டுத் தின்னும் பழக்கமும் கூடவே வந்தன. இந்த ஊரில் குச்சியால் இழை எடுத்துத் தின்னும் வீடுகள் ராமென் வருவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே இருந்தன. அதனால்தான் மற்ற ஊர்களைவிட இங்கே இந்தச் சாப்பாடு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

கட்சுக் கறிச்சோறு வந்ததும் சைவ நண்பரைத் தவிர மற்ற மூவரும் அதில் கை வைத்தோம். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த கோழி, பக்கத்தில் குழம்பு போல் ஒன்று, சோறு. குழம்பு இனிப்பாக, கெட்டியாக, மைதாவும் கொழுப்பும் வறுத்த மணத்தோடு இருந்தது. ஜப்பானியர் இதைக் கரே என்கிறார்கள். 'கறி' என்ற நம் சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் 'கர்ரி' வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அது பிரிட்டிஷார் வழியே மெய்ஜி காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜப்பானுக்குப் போய் 'கரே' ஆனது. அங்கே போன கறி இந்தியக் கறி அல்ல, மாவில் கெட்டிப்படுத்திய ஆங்கிலேயக் கறி. அந்த இனிப்பும் கெட்டியும் அங்கிருந்து வந்தவை. இந்தியக் கறியை ஜப்பானியர் பின்னாளில்தான் சாப்பிட்டார்கள். அதற்குக் காரணமானவர் ஒரு புரட்சிக்காரர். பாரதியும் அரவிந்தரும் பிரிட்டிஷாரின் பிடிக்கு எட்டாமல் புதுச்சேரியில் தங்கியிருந்த அதே ஆண்டுகளில், 1915இல், ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடையை நடத்திய குடும்பம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். மாவு கரைத்த குழம்பைப் பார்த்து மனம் பொறுக்காமல் எலும்போடு வேகவைத்த கோழிக்கறியைச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தார். 1927இல் நகமுராயா அதை விற்கத் தொடங்கியது. கடை இன்றும் அந்தக் கறியைப் பரிமாறுகிறது. கட்சுக் கறியின் கடைசி வாயை வழிக்கும்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்தது போஸைப் பற்றித்தான்.

எங்களில் ஒருவர் சைவம். தோஃபுவைப் பார்த்ததும் தனக்குத்தான் என்று குச்சியை எடுத்தவரை, பரிமாறிய இளைஞரே தடுத்து, "மேலே இருப்பது மீன், ஐயா, சாற்றிலும் மீன் இருக்கிறது" என்றார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். சைவ நண்பர்களோடு போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: ஜப்பானியச் சமையலில் கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் பார்த்துச் சைவம் என்று சொல்ல முடியாது. மிசோ சூப்பில் மிதப்பது தோஃபுவும் கடற்பாசியும்தான், ஆனால் நீரே மீன் சாரமாக இருக்கும். டெம்புரா மாவில் முட்டை இருக்கலாம். அதேசமயம் ஜப்பானியச் சமையல் சைவத்துக்கு அந்நியமானதும் இல்லை. ஜென் மடங்களில் ஷோஜின் ரியோரி என்ற முழுச் சைவச் சமையல் நூற்றாண்டுகளாக நடக்கிறது. அங்கே கொம்புவும் உலர்ந்த ஷிடாகே காளானும் சேர்த்துச் சாறு எடுக்கிறார்கள். எங்கள் நண்பருக்கு வந்த டோன்புரியை அந்தச் சாற்றில்தான் செய்திருந்தார்கள். முன்கூட்டிக் கேட்டால் நல்ல சமையலறை செய்து கொடுக்கும். கேட்காமல் இருப்பதுதான் தவறு.

பச்சை மீன் பேச்சும் வந்தது. கடலூர் நண்பன் கேட்டான்: "விடியற்காலையில் துறைமுகத்தில் இறங்கும் மீனை மத்தியானம் இங்கே பச்சையாக வெட்டிக் கொடுக்கலாமே, எதற்கு நார்வே?" நியாயமான கேள்வி. ஆனால் புதிய மீன் வேறு, பச்சையாகத் தின்னத் தகுந்த மீன் வேறு. எவ்வளவு புதிதாக இருந்தாலும் கடல்மீனில் ஒட்டுண்ணிப் புழு இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்க உணவு ஒழுங்குமுறை சொல்லும் வழி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் அல்லது அதைவிடக் கடுமையான மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து 15 மணி நேரம் வைத்திருப்பது. இத்தகைய உறைகலம் வைக்கும் முதலீடு ஒரு சந்துக் கடைக்கு எளிதல்ல. இன்னொரு ஆபத்து சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் இருக்கிறது. பிடித்த நிமிடத்திலிருந்து ஐஸில் இல்லாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். முகம் சிவந்து தலை வலித்து வாந்தி எடுக்கும் ஒவ்வாமை போன்ற நஞ்சு அது, வேகவைத்தாலும் போகாது. நம் வெயிலில், படகிலிருந்து ஏலக்கூடத்துக்கும் அங்கிருந்து கூடைக்கும் போகும் மீனுக்கு இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆகவே 535 ரூபாய்க் கடை பச்சை மீனை விலைப்பட்டியலில் சேர்க்காமல் வெள்ளரிக்காயையும் வெந்த இறாலையும் வைத்துச் சூஷி சுற்றினால் அதை நான் பொறுப்பு என்பேன். இந்த விலையில் சால்மன் பச்சையாகக் கிடைக்கிறது என்று பலகை வைத்த கடைக்குத்தான் நான் போகமாட்டேன்.

சூஷியில் மீனைவிடச் சோறு முக்கியம். பொன்னி அரிசியில் ஏன் சூஷி பிடிக்க முடியாது? பொன்னி உதிரியாக விழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் அரிசி. அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதில் அதிகம். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு, அமைலோபெக்டின் அதிகம், அதனால் ஒட்டுகிறது. அரிசி சிறிதாக இருந்தால் போதும் என்று சீரகச் சம்பாவை எடுத்தால் மணக்கும், ஒட்டாது. வடிக்காமல் அளவான நீரில் வேகவைத்து, காடி, சர்க்கரை, உப்பு கலந்து, விசிறியால் விசிறி ஆறவைக்கும் அந்தச் சோற்றைத் தனியாக ஒரு வாய் தின்று பார்த்தாலே கடையின் தரம் தெரிந்துவிடும். மற்றபடி கூடவே வரும் பச்சை வசாபி விழுது பெரும்பாலான கடைகளில், ஜப்பானிலும்கூட, முள்ளங்கி இனத்துக் கிழங்கும் கடுகும் பச்சை நிறமும் கலந்ததுதான். அசல் வசாபியைக் கடைக்காரரால் இந்த விலைக்குக் கொடுக்க முடியாது. சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் மேசையில் இரண்டு குச்சிகள் உடனே கீழே போயின.

குச்சியைப் பற்றிய இரண்டு விதிகள் நமக்கு விளக்கம் தேவையில்லாமலே புரியும். சோற்றில் குச்சியை நட்டு நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது, தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். பொதுத் தட்டிலிருந்து எடுக்கத் தனிக் குச்சி கேட்டு வாங்கிக்கொள்வது அங்கேயும் உண்டு. எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே வந்தது.

கடையின் அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான இடம் பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் ஏழ்மையாக இல்லை. வெள்ளைச் சுவர், தேக்குப் பலகை, மேசைக்கு ஒரு விளக்கு, தொட்டால் கை வழுக்காத மண்கிண்ணம். அதற்கு மேல் எதுவும் இல்லை. இந்த ஊருக்கு இந்த அழகு இறக்குமதி ஆகவில்லை, ஏற்கெனவே இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை மிர்ரா அல்ஃபாஸா 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்துவிட்டுத்தான் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். ஆசிரமவாசிகளுக்காக அவர் கட்டச்செய்த கோல்கொண்டா விடுதி, டோக்கியோவில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு. அதைக் கட்டும் பணியை 1937இல் வந்து கவனித்தவர் ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்தில் இருந்த ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். பிற்காலத்தில் மரச்சாமான் கலைஞராக உலகப்புகழ் பெற்றவர். காற்றைத் திருப்பிவிடும் நீளமான சட்டங்களும் நகரும் மரக்கதவுகளும் வெறுமையான அறைகளும் கொண்ட அந்தக் கட்டடம் துய்மா வீதியில் இன்றும் நிற்கிறது.

கிண்ணத்துக்கு இன்னும் நெருக்கமான கதை உண்டு. ஜப்பானில் மண்பாண்டம் கற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். அந்த இருவரிடம் கற்றவர்களும் கற்றவர்களிடம் கற்றவர்களும் இந்த வட்டாரத்திலும் ஆரோவில்லிலும் சூளை போட்டார்கள். உயர்வெப்பத்தில் சுட்ட, கனமான, பளபளப்பு அடங்கிய அந்தப் பாண்டங்கள் இன்று புதுச்சேரியின் அடையாளம். நான் சாறு குடித்த கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். மெருகு படாத வளையத்தில் குயவரின் விரல் தடம் ஒன்று அப்படியே இருந்தது. ஜப்பானியப் பாண்டம் வேண்டும் என்றால் மற்ற ஊர்க் கடைக்காரர் கப்பலில் வரவழைக்க வேண்டும்; இங்கே சைக்கிளில் போய் வாங்கிவரலாம்.

பில்லை நான்காகப் பிரித்தோம். ஜப்பானியருக்கு இதற்கென்றே வாரிகான் என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. இங்கே சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை சேர்ந்து வந்தால் அது கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எங்கள் பில்லில் அது இல்லை. தடுத்துச் சொன்ன அந்த இளைஞருக்கு நாங்களாகவே மனமுவந்து கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்துக் கடலூர் நண்பன் வீட்டுக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து வந்த மாசிக் கட்டை ஒன்றை அவன் கத்தியால் சுரண்டி வைத்திருந்தான். சீவல் கிடைக்கவில்லை, தூளும் சிம்புமாகத்தான் வந்தது. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் போட்டு, இரண்டு நிமிடத்தில் மெல்லிய துணியில் வடித்தோம். கடையில் குடித்ததைவிடக் கலங்கலாகவும் உப்பாகவும் இருந்தது, புகை மணம் தூக்கலாக இருந்தது. கொஞ்சம் சோயா சாஸ் விட்டுச் சோற்றில் ஊற்றி, மேலே ஒரு முட்டையை வைத்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. துணியில் தங்கிய சக்கையை அவன் குப்பையில் போடப் போனபோது அம்மா கையைப் பிடித்தார்.

"சத்தை எடுத்துக்கொண்டால் மீனை எறிந்துவிடுவதா? இங்கே கொடு" என்று வாங்கி, வெறும் சட்டியில் ஈரம் போகப் புரட்டி, வரமிளகாயும் தேங்காயும் வைத்து இடித்துத் தந்தார். ஜப்பானிய வீடுகளிலும் சாறு எடுத்த சீவலை எறிவதில்லை; சோயா சாஸில் வற்றவைத்து, எள் தூவி, சோற்றின் மேல் போட்டுக்கொள்ள எடுத்துவைப்பார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "பிறகு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.